ஊசி ஒடஞ்சது, கையை எடு

1

கனடாவில் பல் டாக்டரிடம் போனால் முதலில் பல்லைப் பார்க்கமாட்டார்கள். காகிதத்தைக் கொடுப்பார்கள். வாயில் இல்லாத பல் ஒவ்வொன்றும் எப்படிப் போனது என்று அதில் குறி போட வேண்டும். சொத்தையா, விபத்தா, தானாக விழுந்ததா. என் மகள் ஸ்டெல்லா பேனாவை எடுத்து, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததுதானேம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். விபத்து என்ற கட்டத்தில் குறி போட்டாள்.

என் முன்பல் இரண்டும் பாத்ரூமில் போகவில்லை. ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையில், பட்டப்பகலில், ஒரு சுத்தியலால் போனவை. அந்தச் சுத்தியலை அன்று காலை என் கையாலேயே எடுத்துக் கொடுத்திருந்தேன். ஆம்பூரில் இது எல்லோருக்கும் தெரியும். என் மகளுக்கு மட்டும் தெரியாமல் வைத்திருந்தேன்.

நம் பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லிப் பெரிய டீச்சர் கேட்டிருந்தார். "வெளிநாட்டு வாழ்க்கையப் பத்தி எழுதுங்கம்மா. பனி, கட்டடம், அந்த மாதிரி" என்றார். நான் ஐந்தாவது பாதியில் நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுதுவதற்குள் ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. இவ்வளவு பாடுபட்டுப் பனியைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை. பனி வெள்ளையாக இருக்கிறது, அவ்வளவுதான். போன வாரம் இங்கே என் பேத்தி ஜெனியின் பள்ளிக்கூடத்தில் ஒன்று நடந்தது. அவள் நம் ஊரில் ஒன்றாவது படித்தபோதும் ஒன்று நடந்தது. இரண்டையும் எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் பெயரைப் போடுகிறேன். "போடுக்கா, ஊருக்குத் தெரியாததா?" என்றாள் என் லைனில் வேலை பார்த்த செல்வி.

2

அன்று காலை ஸ்டெல்லா ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போய்விட்டாள். அவள் நர்ஸ். மருமகன் லாரி ஓட்டுகிறவர், கிளம்பினால் வாரக் கணக்கில் வரமாட்டார். நான் சப்பாத்தி திரட்டிக்கொண்டிருந்தேன். போன் கத்தியது. வாட்ஸப் சத்தம் இல்லை, பள்ளிக்கூடத்து ஆப்பின் சத்தம். எல்லாம் ஆங்கிலம். லாக்டவுன் என்ற ஒரு சொல்லைத்தான் எழுத்துக் கூட்ட முடிந்தது. நமக்கு லாக்டவுன் என்றால் கொரோனா. மறுபடியும் வந்து தொலைத்துவிட்டதா என்று மாஸ்க்கைத் தேடினேன். அதற்குள் ஸ்டெல்லாவே கூப்பிட்டாள்.

"அம்மா, ஸ்கூல்ல யாரோ கத்தி வச்சிருக்காங்களாம். பிள்ளைங்கள கிளாஸ்ல வச்சிப் பூட்டிட்டாங்க. யாரும் வர வேணாம்னு போட்டிருக்காங்க. நீ போவாத, புரியுதா? நான் கெளம்பி வர்றேன்."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போனேன். பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. வாசலில் போலீஸ்காரப் பெண் கையை நீட்டித் தடுத்தபோதுதான், அவள் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். என் கையில் சப்பாத்திக் கட்டை இருந்தது. மாவோடு இருந்தது.

அங்கே என்னைப்போல ஒரு கூட்டம் நின்றது. தாய்களும் தகப்பன்களும். ஒருவர்கூடக் கத்தவில்லை. ஒருவர்கூடக் கம்பியைப் பிடித்து உலுக்கவில்லை. எல்லோர் தலையும் போனில் குனிந்திருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை எல்லோருடைய போனும் ஒரே சமயத்தில் கத்தும். எல்லோரும் ஒரே சமயத்தில் படிப்பார்கள். சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், புதிதாக ஒன்றும் இல்லை என்றே பள்ளிக்கூடம் எழுதி அனுப்புகிறதாம். ஆங்கிலம் படிக்கத் தெரியாத நான் அவர்கள் முகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அந்த அமைதி எனக்குப் பிடிபடவில்லை. உள்ளே கத்தி, வெளியே இத்தனை சாந்தமா? என் உடம்புக்குப் பழக்கமான தாய்க்கூட்டம் வேறு மாதிரி.

அதைத்தான் இப்போது எழுத வேண்டும்.

3

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் மேல்பாகம் தைக்கிற லைனுக்கு சூப்பர்வைசர். மெஷினில் உட்காரும் பெண்ணாக நுழைந்து, படிப்பு இல்லாமலே அந்த வேலைக்கு ஏறினவள். என் குரலுக்கு லைன் நிற்கும், என் குரலுக்கு ஓடும். வெளியாட்களுக்கு அந்த வேலையில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, போன். காலையில் கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு லைனுக்கும் ஒரு துணிப்பை. சாப்பாட்டு மணி அடித்தால்தான் கைக்கு வரும்.

இரண்டு, ஊசி. தையல் மெஷினில் ஊசி ஒடிந்தால், ஒடிந்த துண்டு ஷூவுக்குள் போய்விடும். வெளிநாட்டில் யாரோ ஒரு பிள்ளையின் காலில் குத்தினால் கம்பெனிக்கு ஆர்டரே போச்சு. அதனால் ஊசி ஒடிந்தவள் உடனே "ஊசி!" என்று கத்த வேண்டும். நான் "ஊசி ஒடஞ்சது, கையை எடு!" என்று குரல் கொடுப்பேன். அந்த நிமிஷம் லைனில் இருக்கிற அத்தனை பேரும் கையை மெஷினிலிருந்து எடுத்து உயர்த்திவிட வேண்டும். மூக்கு அரித்தாலும் சொறியக்கூடாது. துண்டுகளைத் தேடி ஒட்டிப் பார்த்து, முழு ஊசி கணக்காகிவிட்டது என்று நான் சொன்ன பிறகுதான் கை இறங்கும். வருஷக்கணக்கில் பழகி அது உடம்பில் ஏறிவிடும். செல்வி ஒரு தடவை கல்யாண வீட்டில் யாரோ "ஊசி எங்க?" என்று கேட்டதற்கே இலையில் சோறு பிசைந்த கையைத் தூக்கிவிட்டாள். பந்தியே சிரித்தது.

அப்போது ஸ்டெல்லா கனடா வந்துவிட்டாள். ஜெனி என்னிடம் இருந்தாள். பிறந்த சான்றிதழில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் வேறு எழுத்து. அதைத் திருத்த ஆபீஸ் ஆபீஸாக நடந்துகொண்டிருந்தோம். பிள்ளையை நம் பள்ளிக்கூடத்தில் ஒன்றாவதில் போட்டேன். பள்ளிக்கூடத்து வாட்ஸப் குரூப்பில் நானும் இருந்தேன், ஸ்டெல்லாவும் இருந்தாள். டீச்சர்கள் ஆங்கிலத்தில் எழுதிப் போடுவார்கள். தாய்கள் மைக்கை அழுத்திப் பேசிப் போடுவோம். பாதிப் பேருக்கு மேல் படிக்க வராது, படிக்க வந்தவர்களுக்கும் நேரம் கிடையாது.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற தோல் பதனிடுகிற ஷாப்பில் கழிவுத் தொட்டியைத் திறந்துவிட்டார்கள். அழுகின முட்டை நாற்றம். நம் பக்கத்தில் அந்த நாற்றம் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. தொட்டியில் இறங்கினவன் ஏறாமல் போவதும், அவனை எடுக்க இறங்கினவனும் ஏறாமல் போவதும் பார்த்தவர்கள் நாம். இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். அதில் ஒருத்தி ஜெனி. பெரிய டீச்சர் சரியான காரியம்தான் செய்தார். பிள்ளைகளை நெடுஞ்சாலை ஓரத்துக் கல்யாண மண்டபத்துக்கு மாற்றிவிடச் சொன்னார். அந்த நேரத்துக்குப் பள்ளிக்கூட வேன் இல்லை. பதனிட்ட ஈர நீலத்தோல் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த மினி லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினார்கள். டிரைவர் நாட்றம்பள்ளிப் பக்கத்து ஆள். பெயர் முனிரத்தினம். கூலி எவ்வளவு என்று கேட்காமல் பின்பக்க டாலாவைத் திறந்துவிட்டாராம்.

ஒரு சின்ன சார் அதைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டார். நல்ல எண்ணத்தில்தான். கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுதினார். போட்டோவில் வாந்தி எடுத்துத் துவண்ட ஜெனியை ஒரு டீச்சர் தோளில் போட்டு லாரிக்குத் தூக்கிப் போகிறார். பிள்ளையின் தலை பின்னால் தொங்குகிறது.

பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த நான் அதைப் பார்க்கவில்லை. என் போன் கேட்டில் துணிப்பைக்குள் இருந்தது. கடல் தாண்டி இருந்த ஸ்டெல்லா பார்த்துவிட்டாள். எனக்குப் போன் போட்டாள். பைக்குள் அடித்தது. மறுபடி போட்டாள். அதற்குப் பிறகு மைக்கை அழுத்தினாள்.

"ஐயோ, இது என் பொண்ணு! கண்ணு தொறக்கலியே! ஏன் தல தொங்குது? உசுரு இருக்குதா இல்லியா? எங்கடா தூக்கினு போறீங்க? யாராவது அந்த லாரிய நிறுத்துங்களேன்!"

பெரிய டீச்சர் பதில் போட்டார். பிள்ளைகள் எல்லோரும் மண்டபத்தில் பத்திரமாக இருக்கிறார்கள் என்று, பள்ளிக்கூட முத்திரை வைத்த காகிதத்தில், ஆங்கிலத்தில். ஸ்டெல்லா படித்தாள், மூச்சு விட்டாள், தூங்கிவிட்டாள்.

அவள் குரல் தூங்கவில்லை. அது குரூப்பை விட்டு வெளியே போய், பெயர் இல்லாமல், நேரம் இல்லாமல், கம்பெனி கம்பெனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. துணிப்பைகளுக்குள் காத்துக்கொண்டிருந்தது.

4

சாப்பாட்டு மணி அடித்தது. போன்கள் கைக்கு வந்தன. முத்திரை வைத்த காகிதத்தை ஒருத்தி தள்ளிவிட்டாள். போட்டோவைப் பார்த்தார்கள். குரலைக் கேட்டார்கள்.

கேட்டில் ஒரு அலறல் கிளம்பியது. அது பரவின வேகத்தை எந்த போனும் தராது. செக்யூரிட்டி கேட்டைச் சாத்தப் போனான். அவனைத் தூக்கிப் போட்டு மிதித்துக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள். நானும்தான். போட்டோ, லாரி என்று காதில் விழுந்ததோடு சரி, என் போனை எடுக்கக்கூட நிற்கவில்லை. என் பேத்தி அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். யாரை அடிக்கப் போகிறோம் என்று தெரியாமலே அடிக்கத்தான் ஓடினேன்.

பக்கத்துக் கம்பெனியிலிருந்தும் ஏப்ரனோடு ஓடி வந்தார்கள். நெடுஞ்சாலையில் பஸ் நின்றது. எதிரே முனிரத்தினத்தின் லாரி வந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டு, பள்ளிக்கூடத்தில் விட்டுப்போன பைகளை எடுத்துவரத் திரும்பிக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்து அவரே நிறுத்தினார். வழி விடச் சொல்லி ஹாரன்கூட அடிக்கவில்லை. டாலாவில் நீலத் தண்ணீர் சொட்டியது. உள்ளே ஒரு பிள்ளையின் ஒற்றைச் செருப்பும் ஒரு தண்ணீர் பாட்டிலும் கிடந்தன. பிள்ளை இல்லை.

"இவந்தான்!"

முதல் கல் கண்ணாடியை உடைத்தது. கதவைத் திறந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கீழே விழுந்தவர் தெலுங்கில் ஏதோ சொன்னார். அதுவும் குற்றமாகிவிட்டது. "ஆந்திராக்காரன்டீ!" என்று ஒருத்தி கத்தினாள். செருப்பால் அடித்தார்கள், குதிகாலால் முகத்தை மிதித்தார்கள். தலைமுடியைப் பிடித்துத் தலையைத் தாரில் மோதினார்கள். தேங்காய் உடைகிற மாதிரி சத்தம் வந்தது. நான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பெண்கள். எனக்குக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிற பெண்கள். எல்லோர் ஏப்ரன் பையிலும் சின்னச் சுத்தியல் இருந்தது. தோலின் ஓரத்தை மடித்து அடிக்கிற சுத்தியல், கைக்கு அடக்கமானது. காலையில் எண்ணி நான் கொடுத்தது. அதை எடுத்து முதலில் இறக்கியவள் செல்வி. அவளுடைய இரண்டு பையன்களும் அந்தப் பள்ளிக்கூடம்தான். முனிரத்தினத்தின் வலது கண்ணில் பட்டது. கண் இருந்த இடத்தில் ரத்தம் தேங்கியது.

அடிக்கிறவர்கள் கை சோரும்போதெல்லாம் செல்வி இன்னொரு கையில் போனை உயரத் தூக்கிப் பிடித்தாள். "கேளுங்கடி! பெத்தவ எப்படி அழுவறா கேளுங்கடி! பொணத்தப் பாத்துட்டு அழுவறா!"

முழுச் சத்தத்தில் குரல் வந்தது. ஐயோ, இது என் பொண்ணு. கண்ணு தொறக்கலியே.

எனக்கு அப்போதுதான் கேட்டது. அந்தக் குரலை நான் பெற்றிருக்கிறேன். முதல் அழுகையிலிருந்து கேட்டிருக்கிறேன்.

"அது ஸ்டெல்லாடி! என் பொண்ணுடி! அவ கனடாவுல கீறாடி! அவ எங்கடி பொணத்தப் பாத்தா?"

யார் கேட்பார்கள்? கூட்டத்துக்குள் புகுந்தேன். என் வழியில் நின்றவளை அறைந்தேன். ஒருத்தியின் தோளைக் கடித்தேன். செல்வியின் சடையைச் சுருட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அவள் யார் என்று பார்க்காமல் சுத்தியலைச் சுழற்றினாள். என் வாயில் பட்டது. பல் நாக்கின்மேல் விழுந்தது தெரிந்தது. அடுத்த அடி எனக்கா அவருக்கா என்று தெரியாமல் அவர்மேல் போய் விழுந்தேன். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. முதுகில் உதை விழுந்துகொண்டே இருந்தது. இந்த ஆள் செத்துப்போவான், என் மகளின் குரல் இவனைக் கொன்றுபோடும் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை.

ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கத்தினேன்.

"ஊசி ஒடஞ்சதூ! கைய எடூ!"

லைனில் கத்துகிற அதே குரல்.

கைகள் நின்றன. செல்வியின் கை சுத்தியலோடு தலைக்கு மேலே போய் அப்படியே நின்றது. என் லைன் பெண்கள் அத்தனை பேரின் கையும் மேலே. அவர்களைப் பார்த்துப் பக்கத்துக் கம்பெனிப் பெண்களின் கையும் மேலே. அவர்களுக்கும் அதே சட்டம்தான். நடுரோட்டில், ரத்தத்தைச் சுற்றி, கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஏன் தூக்கினோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அந்த அமைதியில் போன் மட்டும் அழுதுகொண்டிருந்தது.

"அத அணைடீ" என்றேன். "என் பொண்ணு அது. ஜெனியோட அம்மா. போட்டோவப் பாத்துட்டு அங்கேர்ந்து அழுதிருக்கா. பிள்ளைங்க எங்கன்னு இந்த ஆளக் கேட்டீங்களாடி ஒருத்தியாவது?"

முனிரத்தினம் உடைந்த உதட்டால் சொன்னார். "மண்டபத்துலம்மா. பன் சாப்ட்டுனு கீறாங்க."

செல்வியின் கையிலிருந்து சுத்தியல் விழுந்தது. நான் முழு ஊசி கணக்காகிவிட்டது என்று சொல்லும்வரை மற்றவர்கள் கையை இறக்கவில்லை. நான் அன்றைக்கு அதைச் சொல்லவே இல்லை.

5

கனடாவில் வாசலில் நின்ற எங்களைப் பக்கத்துப் பனிச்சறுக்குக் கூடத்துக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளை அங்கேதான் கொண்டுவந்து ஒப்படைப்பார்களாம். ஸ்டெல்லா ஆஸ்பத்திரி உடுப்போடு ஓடி வந்தாள். ஜெனி போன் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த செய்தியில் யாருக்கும் காயம் இல்லை என்று இருந்தது. ஆனால் இந்த ஊர்த் தமிழ்த் தாய்களின் வாட்ஸப் குரூப்பில் வேறு வந்துகொண்டிருந்தது. ஒரு பெண்ணைக் குத்திவிட்டான். பள்ளிக்கூட பஸ் டிரைவர்தானாம். அவர் போட்டோவும் வந்தது.

அந்த ஆள் கூடத்தின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் பஸ்ஸுக்குப் பக்கத்தில், கையுறையைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி. உயரமான கறுப்பு மனிதர்.

ஸ்டெல்லா போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவந்தாம்மா" என்றாள். "இங்கியே நிக்கிறான். போலீஸ் பாக்கவே இல்ல." குரல் ஏறியது. எனக்கு அந்த ஏற்றம் தெரியும். அவள் கட்டைவிரல் மைக்கை நோக்கி இறங்கியது. என் கையில் சப்பாத்திக் கட்டை.

"ஊசி ஒடஞ்சதூ! கைய எடூ!"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஸ்டெல்லா பள்ளி லீவில் என் லைனில் நூல் கத்தரிக்க வந்த பெண். கை தானாக மேலே போனது. போன் தரையில் விழுந்தது.

"இன்னாம்மா லூசு மாதிரி! இது கம்பெனியா?"

"கம்பெனிதான். நில்லு" என்றேன்.

வாசலில் என்னைத் தடுத்த போலீஸ்காரப் பெண் அந்த டிரைவரின் தோளைத் தட்டிக் காப்பி கொடுத்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். பூட்டின கதவுக்கு வெளியே நின்ற பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிப் பத்திரப்படுத்தியவர் அவர்தானாம். கத்தி ஒரு மாணவனின் பையில் இருந்தது. யார்மேலும் படவில்லை.

6

முனிரத்தினத்துக்கு வலது கண் போனது. போலீஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து யார் அடித்தது என்று கேட்டார்கள். அடித்தவர்கள்தான் கட்டிலைச் சுற்றிக் கஞ்சியோடு நின்றார்கள், நானும் நின்றேன். "பிள்ளைங்கள எனக்குத் தெரியும் சார். அவங்க அம்மாங்கள எனக்குத் தெரியாது" என்றார். செல்வி அன்று முழுக்கக் கழிவறைக்குள் போய்த் தலையில் அடித்துக்கொண்டாள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சோறு போகிறது.

அந்தக் குரல் யாருடையது என்று அவருக்கு நானே சொன்னேன். கண் கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "லாரிய நிறுத்துங்கன்னுதானே அந்தம்மா சொன்னாங்க? எனக்குக் கேட்டிருந்தா நானே நிறுத்தியிருப்பேன்" என்றார்.

அதற்குப் பிறகு பெரிய டீச்சர் சட்டத்தை மாற்றினார். ஆபத்துச் செய்தி என்றால் குரலில்தான் போக வேண்டும், தமிழில்தான் போக வேண்டும். ஊருக்கு அடையாளம் தெரிந்த ஒரு குரல். குரல் முதலில் கிழமையையும் மணியையும் சொல்ல வேண்டும். அப்போதுதான் எங்கே சுற்றி வந்தாலும் பழசு என்று தெரியும். பிள்ளை முகம் தெரிகிற போட்டோ கூடாது. சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் அதையும் சொல்ல வேண்டும். கம்பெனி கேட்டுக்கு லேண்ட்லைனில் கூப்பிட்டு, மைக்கில் சொல்லச் செய்ய வேண்டும். குரல் யாருடையது என்ற பேச்சு வந்தபோது செல்வி எழுந்து, "அக்கா குரல்தான். வேற எதுக்கும் எங்க கை நிக்காது" என்றாள். ஆக என் குரல். முனிரத்தினத்தைப் பள்ளிக்கூடத்துக்கு வாட்ச்மேனாக எடுத்துக்கொண்டார்கள். நான் பேசினதற்குப் பின்னால், "ஆமாம், நான் வாசல்லதான் நிக்கிறேன், பிள்ளைங்க உள்ள கீறாங்க" என்று அவர் ஒரு வரி சொல்வார். அது வந்தால்தான் தாய்களுக்குச் சோறு இறங்கும்.

ஜெனியின் காகிதம் சரியாகி அவள் கனடா வந்தாள். பின்னால் நானும் வந்தேன். பாலாற்றில் தண்ணீர் வந்து பள்ளிக்கு லீவு விட்டபோதுகூடப் பெரிய டீச்சர் இங்கே கூப்பிட்டார். சமையல் அறையில் நின்று, நம் ஊர்க் கிழமையையும் நம் ஊர் மணியையும் சொல்லிப் பேசி அனுப்பினேன். என்னிடம் இன்றைக்கும் ஆம்பூர் நேரத்துக்கு ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதில் எனக்குக் கர்வம்தான்.

ஸ்டெல்லாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அன்று சாயந்திரம் அவள் தூங்கி எழுந்து கூப்பிட்டாள். "போட்டோவப் பாத்துப் பயந்தே போய்ட்டேம்மா" என்று சிரித்தாள். "உன் பேச்சு ஏன் ஒரு மாதிரி கீது?" என்றாள். வழுக்கி விழுந்தேன் என்றேன். பிள்ளையைப் பிரிந்து, தெரியாத ஊரில், முடியாதவர்களுக்கு மருந்து ஏற்றுகிற கை அது. நடுங்கவிடக்கூடாது. சொல்லாமல் இருந்ததற்கு நான் வருத்தப்படவில்லை. அந்த வேளைக்கு அது சரி.

7

ஜெனி வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. என் கையைப் பார்த்தாள். "ஆயா! சப்பாத்திக் கட்டையா? எல்லாரும் பாக்கறாங்க, உள்ள வை!" அவளை விட உயரமான தோழி ஒருத்தி அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். எங்களிடம் அழவில்லை.

காரில் ஜெனி காதில் மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்திருந்தாள். அவள் தமிழ் குறைந்துவிட்டது. கேட்டால் தோளைக் குலுக்குவாள். திடீரென்று அவளே சொன்னாள். "ஆம்பூர்ல நீல லாரில கூட்டினு போனாங்களே, அது எவ்ளோ ஜாலியா இருந்துச்சி. பாட்டுப் பாடினோம். டிரைவர் அங்கிள் பன் வாங்கிக் குடுத்தார். இன்னிக்கு இருட்டுல டெஸ்க்குக் கீழ உக்காந்துனு அதத்தான் நெனச்சேன்."

"எந்த லாரி?" என்றாள் ஸ்டெல்லா. பிறகு, "அந்தப் போட்டோல இருந்ததா?" என்றாள்.

அப்போது என் போன் அடித்தது. வாசலில் நிற்கும்போது முனிரத்தினத்துக்கு விஷயத்தைச் சொல்லி அனுப்பியிருந்தேன். அழுத்தினேன். கார் முழுக்க அவர் குரல்.

"அம்மா, முனிரத்தினம். பாப்பா வந்துட்டாளாம்மா? ஒண்ணும் ஆவலியே? அங்க டிரைவர் யாரையும் அடிச்சிடலியேம்மா?"

ஸ்டெல்லா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "யாரும்மா இது? டிரைவர எதுக்கு அடிக்கணும்?"

"வண்டிய ஓரமா நிறுத்து" என்றேன்.

நிறுத்தினாள். மேலே எழுதினதை எல்லாம் சொன்னேன். அவசரப்படாமல், நடந்த வரிசையில். ஜெனி காதில் இருந்ததைக் கழற்றிவிட்டாள். சுத்தியல் வந்தபோது ஸ்டெல்லா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். குரல் வந்தபோது, "யார் குரல்?" என்றாள். அவளே, "என்னோடதா?" என்றாள்.

"உன்னோடதுதான்."

"உன் பல்லு?"

"அதுவும் அப்பதான்."

வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது. அதை அணைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் கையை நீட்டினாள். என் போனைக் கொடுத்தேன். முனிரத்தினத்தின் பெயர் இருந்த இடத்தில் மைக்கின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். விரலை எடுக்கவும் இல்லை, பேசவும் இல்லை. கடைசியில் விரல் தானாக நழுவியது. அது அப்படியே முனிரத்தினத்துக்குப் போய்விட்டது.

உடனே பதில் வந்தது. ஜெனிதான் எட்டி அழுத்தினாள்.

"அம்மா, ஒண்ணும் கேக்கலியே. காத்து சத்தம்தான் வருது. மறுபடியும் சொல்லுங்கம்மா."